மாணவர் சங்கத்துக்கு அனுமதி வேண்டாம், பதிவு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சங்கம் எதற்கு, பாடத்தைப் படித்தால் போதாதா என்று கேட்டு ஒரு வாசகர் எழுதிய கடிதம் போன வாரம் உங்கள் நாளிதழில் வந்திருந்தது. பெரியவர் கோபமாகவே எழுதியிருந்தார். அந்தக் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. கட்சித் தலைவர் பிறந்த நாளுக்குக் கல்லூரி வாசலில் பேனர் கட்டவும், பஸ் கூரையில் ஏறி ஆட்டம் போடவும் ஒரு பெயர் வேண்டுமென்று சங்கம் வைப்பார்கள் என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மீதிப் பாதிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு சங்கம் தொடங்கப்போய் அலைந்துகொண்டிருக்கிற பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி.

நான் சோமனூர் வட்டாரத்தில் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நெய்து பீஸாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வது எங்கள் பிழைப்பு. படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் சங்கம் என்பது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எங்கள் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவானது. முடிவானது கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறியை நிறுத்தினோம். 2025 மார்ச்சில் மறுபடியும் நிறுத்தினோம். தறிக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 1,000 யூனிட் ஆனதும் கேட்டுக் கேட்டுத்தான். இதில் ஒன்றுகூட ஆளாளுக்குத் தனியாகப் போய்க் கேட்டு நடந்ததல்ல. தனியாகப் போனால் ஜவுளிக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, குடும்பத்தையெல்லாம் விசாரித்து, நல்லபடியாக அனுப்பிவைத்துவிடுவார்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. என் பெயரையும் போட வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டாள். ஆசிரியர்கள் போடுகிற இன்டர்னல் மார்க் இன்னும் பாக்கி இருக்கிறது.

அவள் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். தினமும் வீட்டிலிருந்துதான் போய்வருகிறாள். இங்கே ஏறினால் கருமத்தம்பட்டி, நீலாம்பூர், சின்னியம்பாளையம், பீளமேடு என்று காந்திபுரம் போய் இறங்கி, அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ். அவினாசி ரோட்டில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10 கிலோமீட்டருக்கு 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்தார்கள். கார்காரர்களுக்கு நல்ல வசதி. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றுகிற டவுன் பஸ் கீழேதான் ஊர்கிறது. முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்தினாலும் அந்த மணி நேரத்துக்கு ஆப்சென்ட். அப்படியே சேர்ந்து சேர்ந்து 75 சதவீத வருகைக்குக் கீழே போனால் அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுத முடியும். சாயங்காலம் லேப் முடிகிற நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் பொருத்தமே இல்லை. லேப் முடிந்து ஓடி வந்தால் பஸ் அப்போதுதான் திரும்பியிருக்கும். அடுத்தது எப்போது என்று டைம் ஆபீஸில் இருப்பவருக்கே நிச்சயமில்லை.

ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகளுக்கு மெஸ் கமிட்டி உண்டு. சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் எழுதிவைக்க ஒரு நோட்டு உண்டு, கேட்க வார்டன் உண்டு. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பெண்கள் ஓய்வறை என்று ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் சாவி ஒரு அம்மாவிடம் இருக்கும், அந்த அம்மா லீவு என்றால் அறைக்கும் லீவு. அன்னூரிலிருந்து வருகிற பையன், கிணத்துக்கடவிலிருந்து வருகிற பெண், ஆனைகட்டியில் மலையடிவாரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற இன்னொரு பெண், இப்படிக் கொஞ்சம் பேர் மதியம் ஒன்றாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள். அவர்கள்தான் முதலில் பேசியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து படிக்கிறவர்களுக்கென்று ஒரு மன்றம், அவ்வளவுதான் யோசனை. கொடி இல்லை, கோஷம் இல்லை. ஓய்வறைச் சாவி, பஸ் நேரம், சாப்பிட ஒரு இடம், பிந்தி வந்தால் வருகைப் பதிவில் கொஞ்சம் கண் திறந்து பார்ப்பது. இவ்வளவுதான் அவர்கள் முதல் மனுவில் இருந்தவை.

அந்த மனு துறைத்தலைவர், மாணவர் நல டீன், பதிவாளர் அலுவலகம் என்று ஊர்வலம் போனது. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு கேள்வி. முதல் மேசையில், "அதான் என்.எஸ்.எஸ். இருக்குதே, ரெட் ரிப்பன் கிளப் இருக்குதே, அதுல சேர்ந்துக்க வேண்டியதுதானே?" என்றார்கள். ரெட் ரிப்பன் கிளப் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கானது. என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் நல்ல அமைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை, ஊர்ப்புறத்தில் ஒரு வாரம் முகாம். எங்கள் ஊருக்கே வந்து குளக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டிக் கொடுத்துப் போயிருக்கிறார்கள். ஆனால் அது அரசாங்கம் தொடங்கியது. திட்ட அலுவலர் என்று ஒரு ஆசிரியர் இருப்பார். என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் மேலிருந்து வரும். ஊருக்குச் சேவை செய்யக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் தன் ஓய்வறைச் சாவியைக் கேட்க வழி கிடையாது. ரெண்டும் வேறு வேறு வேலை.

அடுத்த மேசையில், பொறுப்பாசிரியர் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நியாயம்தான். நிரந்தர ஆசிரியர்களைக் கேட்டால், ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை, காலியிடம் நிரப்பாமல் இருப்பவர்களையே போட்டுப் பிழிகிறார்கள். கௌரவ விரிவுரையாளர் ஒருவர், தானும் தினமும் பஸ்ஸில் வருகிறவர், மனசார முன்வந்தார். கௌரவ விரிவுரையாளர் கையெழுத்து செல்லாதாம். வகுப்பெடுக்கச் செல்லும், விடைத்தாள் திருத்தச் செல்லும், இதற்கு மட்டும் செல்லாது.

மூன்றாவது மேசையில்தான் நான் உள்ளே வந்தேன். சேர்க்கையின்போது பெற்றோரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நிர்வாகத்தின் முன் அனுமதி இல்லாமல் எந்த அமைப்பிலும் சேர மாட்டேன், கூட்டம் நடத்த மாட்டேன், துண்டறிக்கை கொடுக்க மாட்டேன் என்று அதில் ஒரு வரி. படிவம் முழுக்க ஆங்கிலம். சேர்க்கை நாளன்று கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று எல்லாப் பெற்றோரும் போட்டது போல நானும் போட்டேன். போடாமல் சீட் கிடையாது. கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் அந்த வரியைப் பற்றிப் பேச எனக்குப் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். முன் அனுமதி வேண்டும் என்று எழுதியவர்கள், அந்த அனுமதியை யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் தருவார்கள், எந்தக் காரணத்துக்காக மறுப்பார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. என் மகள் கேட்டுப் பார்த்தாள். "அதெல்லாம் கமிட்டி முடிவு பண்ணும்மா" என்றார்களாம். எந்தக் கமிட்டி என்றால், அது இனிமேல்தான் போட வேண்டுமாம்.

வீட்டிலும் ஒரு மேசை உண்டு. என் வீட்டுக்காரி, "பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க இந்த வம்பு, நாளைக்கு ஒரு எடத்துல ஜாதகம் பொருந்தி வந்து, அங்க வந்து விசாரிச்சா என்ன சொல்லுவீங்க?" என்றாள். எங்கள் பக்கத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. மகள்தான் பதில் சொன்னாள்: "சாவி கேட்டேன்னு சொல்லுங்கம்மா."

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு வரச் சொன்னேன். அன்று தறி ஓடாது, பேசினால் காது கேட்கும். குடோனில் பாவு உருளைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்து உட்கார்ந்தோம். மனுவை விடுங்கள், முதலில் பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறை, எழுதுங்கள் என்றேன். பைலா இல்லாத சங்கம் பேச்சுத்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. அதன்படி ஒரு சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும். 1926-ல் வெள்ளைக்காரன் போட்ட தொழிற்சங்கச் சட்டத்திலும் ஏழு பேர்தான் கணக்காக இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிற மன்றம் மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டியதில்லை, ஆனால் அந்தச் சட்டம் கேட்கிற ஒழுங்கு எல்லாச் சங்கத்துக்கும் பொருந்தும். பெயர், நோக்கம், யார் உறுப்பினர், சந்தா எவ்வளவு, கணக்கை யார் பார்ப்பது, கூட்டம் எப்போது, யாரை எப்படி நீக்குவது. இதை எழுதி முடிப்பதற்குள் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவும் செய்தது. அன்னூர்ப் பையனுக்குத் தலைவர், துணைத்தலைவர், பொதுச்செயலாளர் என்று ஒன்பது பதவி வேண்டியிருந்தது. செயலாளர் ஒருவர், பொருளாளர் ஒருவர், செயற்குழு ஏழு பேர் போதும் என்று பேசி முடித்தோம். பணம் எடுக்க ரெண்டு பேர் கையெழுத்து. கையில் 500 ரூபாய்க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ரசீது இல்லாமல் பத்து ரூபாய்கூட வாங்கக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் வசூல் பணம் ஒருவர் சட்டைப்பையிலேயே நாலு மாதம் இருந்தது. அவர் திருடவில்லை, நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தச் சங்கத்தில் நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை.

மினிட் நோட்டு விஷயத்தில் பிள்ளைகளுக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. எல்லாமே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறதே, நோட்டு எதற்கு என்றார்கள். குழுவில் இருப்பது அட்மின் கையில் இருக்கிறது, அட்மின் பாஸாகிப் போய்விட்டால்? அவர்களே யோசித்துக் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றுக்குச் சரி என்றார்கள். தீர்மானம் எழுதி, வந்தவர்கள் கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதைப் படிப்பது. தகவல் சொல்ல வாட்ஸ்அப் இருக்கட்டும்.

கூட்டத்தை சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோது என் மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "ஏனுங்கப்பா, சாயந்தரம் கூட்டம் வெச்சா யாரு வருவா? ஆனைகட்டிக்காரி கடைசி பஸ்ஸ விட்டுட்டா எங்கீங்க போவா?" வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவு சீக்கிரம் கிளம்ப வேண்டும், அதிலும் பெண்பிள்ளைகள் முதலில். சாயங்காலக் கூட்டம் என்றால் பக்கத்து வீதிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து தூரத்துக்காரர்களுக்கும் சேர்த்து முடிவெடுப்பார்கள். ஆகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில், சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்து வேப்பமரத்தடியில், முப்பது நிமிடத்துக்கு மிகாமல் கூட்டம் என்று பைலாவிலேயே எழுதியாயிற்று.

ஒரு கஷ்டம் மட்டும் எங்கள் சங்கத்தில் இல்லாதது, அதை அவர்கள் சொல்லித்தான் யோசித்தேன். தறிக்காரன் சாகும் வரை தறிக்காரன். எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளை ரெண்டு வருடத்தில் போய்விடும். முதல் வருடம் இடம் பழகவே சரியாகிவிடும், கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். நடுவில் கிடைக்கிற ஏழெட்டு மாதத்தில்தான் எல்லாம். மாணவர் அமைப்புகள் நிர்வாகம் தடுத்ததால் செத்ததைவிட, ஆள் மாறும்போது நோட்டையும் கணக்கையும் அடுத்தவர் கையில் கொடுக்காமல் செத்ததுதான் அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம். அதற்காகச் செயற்குழுவில் பாதிப் பேர் முதலாண்டுக்காரர்களாக இருக்க வேண்டும், ஜனவரியிலேயே புதியவர் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு பழையவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். எனக்குப் பிடித்த விதி அதுதான். எங்கள் பெரியவர்கள் சிலருக்கும் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

பெரியவர் தன் கடிதத்தில் சாதியைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தார். மறைக்க என்ன இருக்கிறது, எங்கள் கொங்கு நாட்டில் சாதிக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு மண்டபம் என்று ஆகிப்போயிற்று. அது பல்கலைக்கழகத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது. தனியாக மன்றம் இல்லாத இடத்தில்தான் எளிதாக நுழைகிறது. ஊர்க்காரன், நம்மாளு என்று ஒரு குழு தானாகச் சேரும், அதற்குப் பைலா கிடையாது, மினிட் நோட்டு கிடையாது, வெளியே இருந்து ஒருவர் பிரியாணிக்குப் பணம் கொடுப்பார். அவரிடம் யாரும் முன் அனுமதி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. விதியோடு, கணக்கோடு, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று எழுதிவைத்து வருகிற பிள்ளைகளைத்தான் மேசை மேசையாக அலைய விடுகிறோம். இவர்கள் பைலாவின் இரண்டாம் விதி: வெளியிலிருந்து வந்து படிக்கிற யாரும் உறுப்பினர் ஆகலாம், சாதி, மதம், கட்சி பெயரால் மன்றத்துக்குள் எதுவும் நடத்தக் கூடாது, மன்றத்துக்கு வெளியே அவரவர் எந்தக் கட்சியில் இருந்தாலும் அது அவரவர் பாடு.

அரசியல் பயத்துக்கு உச்ச நீதிமன்றமே ஒரு வழி சொல்லி வெகு காலமாயிற்று. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் குழு போட்டு, அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2006 செப்டம்பர் 22-ல் உத்தரவிட்டது. மாணவர் தேர்தலில் ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். நிர்வாகிப் பொறுப்புக்கு ஒரு தடவைதான் நிற்கலாம். வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. அது தேர்தலுக்காகச் சொன்னது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தேர்தலே நடத்தலாம், இப்படி இப்படி நடத்துங்கள் என்று நாட்டின் பெரிய கோர்ட்டே சொல்லியிருக்கும்போது, ஒரு சாப்பாட்டு இடம் கேட்கிற மன்றத்தைப் பார்த்து ஏன் இந்த நடுக்கம்?

எங்கள் சங்க வக்கீலிடம் கேட்டேன். சங்கம் அமைக்கிற உரிமை அரசியலமைப்பின் 19-வது பிரிவிலேயே இருக்கிறது, ஆனால் அதை நிர்வாகம் அங்கீகரித்தே தீர வேண்டும் என்பது அந்த உரிமைக்குள் தானாக வந்துவிடாது என்றார். அப்படியென்றால் அங்கீகாரம் இல்லாமலே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டுமே என்று நானும் நினைத்தேன். அங்கேதான் பஸ் விவகாரம் வந்தது. சாயங்கால பஸ்ஸை இருபது நிமிடம் தள்ளி எடுக்க முடியுமா என்று கேட்டு, அந்த நேரத்தில் நிறுத்தத்தில் நிற்கிற மாணவர்கள் எத்தனை பேர், எந்த ஊர் என்று ஒரு வாரம் எழுதி எடுத்துக்கொண்டு டெப்போவுக்குப் போயிருக்கிறார்கள். மேலாளர் தாளைப் பொறுமையாகப் படித்திருக்கிறார். நேரம் மாற்றலாம், கஷ்டமில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அப்புறம் கேட்டாராம்: "நீங்க எந்த அமைப்புங்க? லெட்டர்பேடுல எழுதி, யுனிவர்சிட்டி சீல் போட்டுக் கொண்டாங்க, மேல அனுப்பறேன்." அவர் மேல் தப்பில்லை. நாளைக்கு வேறு நாலு பேர் வந்து, பஸ்ஸை முன்னால் எடுங்கள் என்றால் யார் சொல்வதை அவர் கேட்பது? மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்ததிலிருந்து பெண்பிள்ளைகள் படிக்க வருவதற்குப் பஸ் செலவு ஒரு தடையில்லை என்று ஆயிற்று. அந்த பஸ் லேப் முடிகிற நேரத்துக்கு நிற்க ஒரு சீல் தடையாக இருக்கிறது.

குறைதீர்க்கும் குழு இருக்கிறதே என்பார்கள். யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2023-ல் போட்ட விதிப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், புகார் வந்தால் 15 வேலை நாளுக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும். நல்ல விதி. அதில் மாணவர் பிரதிநிதி ஒருவரும் சிறப்பு அழைப்பாளராக உட்காருவார். அவரைப் படிப்பிலோ விளையாட்டிலோ சிறந்தவர் என்று பார்த்து நிர்வாகம் நியமிக்கும். முதல் மார்க் வாங்குகிற பிள்ளை மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தப் பிள்ளை ஹாஸ்டலில் இருந்தால் ஆனைகட்டி பஸ்ஸைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? தவிர, புகார் என்பது நடந்து முடிந்ததற்கு. சாப்பிட இடம் வேண்டும் என்பது யார் மேலும் புகார் இல்லையே.

பெரியவர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: பிள்ளைகளுக்கு விவரம் பத்தாதாம். வாக்குரிமை வயதை 21-லிருந்து 18 ஆக்கி 1989-லிருந்து அது நடப்பில் இருக்கிறது. என் மகளின் வகுப்பில் இருக்கிற எல்லாரும் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிறவர்கள். 2024 ஆகஸ்ட் 9-ல் நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மாதம் 1,000 ரூபாய் நேராகப் பையன் வங்கிக் கணக்குக்கே போகிறது, அப்பன் கையெழுத்து கேட்பதில்லை. எங்கள் ஊரில் பதினெட்டு வயதில் தறிப்பட்டறையைத் தனியாகக் கவனித்துக்கொள்கிற பையன்கள் இருக்கிறார்கள். தறியில் நூலோடு ஓடுகிற நாடா பறந்தால் எப்படி ஒதுங்குவது என்பதிலிருந்து கரன்ட் பில் வரை அவர்கள் பாடு. அதே வயதுப் பிள்ளைகள் இருபது ரூபாய் சந்தாவுக்கு ரசீது போட மாட்டார்களா?

போதாததற்கு, பழைய வரலாற்றை நினைத்தும் ஒரு பயம் எல்லார் மனசிலும் இருக்கிறது. 1965 மொழிப் போராட்டத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு வரை போயிற்று. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வ.உ.சி. மைதானத்தில் கூடினார்கள். சங்கம் என்றால் அங்கேதான் போய் நிற்கும் என்று அலுவலகங்களில் நினைக்கிறார்கள் போல. 2017-ல் கூடியவர்களுக்கு எந்த மன்றமும் அழைப்பு அனுப்பவில்லை, போனில் பார்த்து வந்தார்கள். கூட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பைலா இல்லாமலும் கூடுவார்கள். மகள் போகிற பஸ் தினமும் சின்னியம்பாளையத்தில் நிற்கிறது. 1946 ஜனவரி 8-ல் தூக்கில் போட்ட நாலு மில் தொழிலாளிகளின் ஊர். சங்கம் வைக்க விடாமல் நெருக்கினால் எதில் போய் முடியும் என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அனுமதி என்பதை எடுத்துவிட்டுப் பதிவு என்று வையுங்கள். ஒரே ஒரு பக்கப் படிவம், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஏழு பேர் கையெழுத்து, பைலா ஒன்று. வாங்கிக்கொண்டு நகலில் முத்திரையும் தேதியும் போட்டுக் கொடுங்கள். முப்பது நாளுக்குள் மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பதிவானதாகக் கணக்கு. எந்தெந்தக் காரணத்துக்கு மறுக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். பொறுப்பாசிரியர் வேண்டுமென்றால், வகுப்பெடுக்கிற யாரும் இருக்கலாம் என்று வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கணக்கை வாங்கிப் பாருங்கள். கணக்குக் கொடுக்காத மன்றத்தை ரத்து செய்யுங்கள், நானே வந்து கைதட்டுகிறேன்.

அந்தப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பேரனோ பேத்தியோ இந்த ஜூனில் எங்காவது சேர்ந்தால், உறுதிமொழிப் படிவத்தை நீட்டும்போது யாரையாவது விட்டு வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

இந்தப் பிள்ளைகள் மனுவை பைலாவோடு சேர்த்து மறுபடி கொடுத்திருக்கிறார்கள். நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்; வாங்கிவிட்டார்கள். இப்போது, மனுவில் கையெழுத்துப் போட்டவர்களின் பெற்றோர் எல்லாரும் நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. புதன்கிழமை காலை பதினோரு மணி. எனக்குத் தறிக்கு ஆள் சொல்லிவைத்தால் ஆயிற்று. ஆனைகட்டிப் பெண்ணின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், அவருக்கு ஒரு நாள் கூலி போகும். கிணத்துக்கடவுக்காரர் தேங்காய் லாரி ஓட்டுகிறார், அன்றைக்கு எந்த ஊரில் இருப்பாரோ. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அத்தனை பேரும் வருகிறோம் என்று பெற்றோர்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். இதோடு அது அலுவலகத்துக்குப் போகிறது. நகல் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தறிக்காரர் ஒருவர்,
சோமனூர் வட்டாரம்.